ஆசிரியருக்கு மட்டும்

கொழும்பு, கொட்டாஞ்சேனையில் கனடாவுக்குப் போக விருப்பமில்லாத ஒரே மனுஷி பேர்ணடெற்தான் என்று சொன்னால் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள். அந்தப் பக்கத்தில் பாதிச் சனம் போய்விட்டது, மீதிச் சனம் விசாவுக்குக் காத்திருந்தது. பேர்ணடெற்றின் தம்பி றேமண்ட் ரொறன்ரோவிலிருந்து மாதம் தவறாமல் போன் எடுப்பான். "அக்கா, தனிய இருந்து என்ன செய்யப் போறாய்? வந்தால் பிள்ளையளையும் பாத்த மாதிரி இருக்கும்." பிள்ளைகளைப் பார்ப்பதென்றால் என்னவென்று அவளுக்கு நன்றாகத் தெரியும். சமைக்க வேண்டும், துவைக்க வேண்டும், பனிக்குள்ளே பள்ளிக்கூடம் கூட்டிப்போக வேண்டும், பின்னேரம் தம்பி பெண்சாதியின் மூஞ்சியைப் பார்க்க வேண்டும். "எனக்குக் கடை இருக்கு" என்பாள். "கடை இல்லாமல் போனால் வாறியோ?" என்பான். "போனால் பாப்பம்" என்று ஒருநாள் வாய் தவறிச் சொல்லிவிட்டாள். அதை அவன் பிடித்துக்கொண்டான். அன்றிலிருந்து அவள் கடை எப்போது படுக்கும் என்று ரொறன்ரோவில் ஒரு குடும்பமே ஜெபம் பண்ணிக்கொண்டிருந்தது.

கடை என்றதும் பெரிதாக எதையும் நினைத்துவிடக் கூடாது. ஒரு பக்கம் பேக்கரி, மறுபக்கம் பிரேதம் வைக்கிற மலர்ச்சாலை, இரண்டுக்கும் நடுவில் நெருக்குப்பட்டுக்கொண்டு 'பேர்ணடெற் கொமியூனிகேஷன்'. உள்ளே ஒரு தொலைபேசி, ஆட்கள் குந்த ஒரு வாங்கு, ஒரு போட்டோகொப்பி மெஷின். மெஷின், அவள் கொழும்புக் கோட்டையில் டைப்பிஸ்டாக இருந்த கப்பல் ஏஜென்சியுடையது. ஏஜென்சியை இழுத்து மூடியபோது மற்றவர்கள் மேசை, மின்விசிறி, சுழல்நாற்காலி என்று கேட்டு வாங்கிப்போனார்கள். பேர்ணடெற் மெஷினைக் கேட்டாள். முதலாளி சிரித்துக்கொண்டே கொடுத்தார். அவர் சிரித்ததற்குக் காரணம் இருந்தது. நினைத்த நேரம் கடதாசியை விழுங்கும், நினைத்த நேரம் துப்பும் சாமான் அது. ஆனால் பேர்ணடெற் பக்கத்துக் கதவைத் திறந்து, உள்ளே கையை விட்டு, "மாதாவே, இண்டைக்கு மட்டும்" என்று கெஞ்சினால் ஓடும். அப்படிக் கெஞ்சியே வருஷக்கணக்காக ஓட்டிவிட்டாள்.

வியாபாரத்துக்குக் குறைவில்லை. இந்த நாட்டில் தமிழனாகப் பிறந்தவனுக்குச் சோற்றுக்கு அடுத்தபடியாகத் தேவைப்பட்டது அடையாள அட்டையின் கொப்பிதான். பொலிஸ் பதிவுக்கு ஒன்று, லொட்ஜ்காரருக்கு ஒன்று, சட்டைப் பைக்குள் ஒன்று, அது தொலைந்தால் இன்னொன்று. மலர்ச்சாலைப் பக்கமிருந்து மரணச் சான்றிதழ் வரும், கோயில் பக்கமிருந்து ஞானஸ்நானச் சான்றிதழ் வரும். இதற்கிடையில் ரியூஷன் பிள்ளைகள் புத்தகங்களோடு வருவார்கள். அங்கேதான் வில்லங்கம் தொடங்கியது.

பேர்ணடெற் சட்டத்துக்குப் பயந்தவள். கடவுளுக்கும் பயந்தவள்தான், ஆனால் கடவுள் ஜீப்பில் வந்து மெஷினைத் தூக்கிக்கொண்டு போகமாட்டார். கடைக்கு வந்து யாராவது "ஒரு கொப்பி அடிச்சுத் தாங்க" என்றால்கூட முகம் சுளிப்பாள். கொப்பி அடிப்பது சோதனை எழுதுகிற மண்டபத்தில் செய்கிற களவு, இங்கே கொப்பி 'எடுக்கிறது' என்று திருத்துவாள். புதுச் சட்டம் வந்துவிட்டதாம், வெள்ளவத்தையில் எங்கேயோ புத்தகம் எடுத்த கடைக்குள் பொலிஸ் புகுந்துவிட்டதாம் என்று பேக்கரியில் கதை அடிபட்ட அன்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை. சட்டம் என்ன சொல்கிறது என்று யாரைக் கேட்பது? கையில் யாரோ விட்டுவிட்டுப் போன ஒரு பாடப் புத்தகம் இருந்தது. அட்டையைத் திருப்பினாள். உள்ளே சின்ன எழுத்தில் சட்டமே கிடந்தது: 'பதிப்புரிமை ஆசிரியருக்கே.'

இதைவிடத் தெளிவாக யார் சொல்ல முடியும்? பதிப்பதென்றால் பதிப்பது, மெஷின் செய்கிற வேலையும் அதுதான். உரிமை என்றால் உரிமை. ஆசிரியர் என்றால் மாஸ்டர், ரீச்சர். ஆகவே புத்தகத்தைக் கொப்பி எடுக்கிற உரிமை மாஸ்டர்மாருக்கும் ரீச்சர்மாருக்கும் மட்டும்தான் உண்டு, பிள்ளைகளுக்குக் கிடையாது. நியாயமான சட்டம் என்று அவளுக்குப் பட்டது. புத்தகம் எழுதுகிறவரை அவள் பேச்சில் எழுத்தாளர் என்பாள். அவரையும் ஆசிரியர் என்று சொல்வார்கள் என்பதை யாரும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை. படிப்பிக்கிறவனுக்கும் எழுதுகிறவனுக்கும் ஒரே சொல்லைக் கொடுத்துவிட்டுப் போன பண்டிதர்கள்தான் இதற்குப் பொறுப்பு, பேர்ணடெற் அல்ல. அன்றைக்கே மட்டை ஒன்றில் எழுதிக் கண்ணாடியில் ஒட்டினாள்: 'புத்தகம் போட்டோகொப்பி எடுப்பது ஆசிரியருக்கு மட்டும்.'

மாஸ்டர்மாருக்குக் கொண்டாட்டம். ஒரு பக்கம், இரண்டு பக்கம் அல்ல, முழுப் புத்தகத்தையும் கொண்டுவந்து போட்டார்கள். பேர்ணடெற் சட்டப்படி எல்லாவற்றையும் எடுத்துக் கொடுத்தாள். பிள்ளைகள்தான் மாட்டிக்கொண்டார்கள். ஆனால் ரியூஷன் பிள்ளைகளை யார் வெல்லலாம்? மலைநாட்டுத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்து ஓய்வுபெற்று, மகளோடு வந்து தங்கியிருந்த இருளப்பன் மாஸ்டரைக் கண்டுபிடித்தார்கள். அவர் கடை வாங்கில் வந்து குந்தினார். எந்தப் பிள்ளை எந்தப் புத்தகத்தோடு வந்தாலும் "நமக்குத்தாம்மா, போடுங்க" என்பார். பிள்ளைகள் போகிற போக்கில் பேக்கரியில் அவருக்கு பால் போடாத ஒரு பிளேன்ரீயும் மீன் வைத்த பணிசும் சொல்லிவிட்டுப் போவார்கள். கொஞ்சக் காலத்துக்குள் இரசாயனம், கணக்கீடு, சங்கீதம், இஸ்லாம் எல்லாவற்றுக்கும் கொட்டாஞ்சேனையில் அவரே ஆசிரியராகிவிட்டார். ஒருநாள் மனையியல் புத்தகத்தில் பிள்ளைப்பேறு பற்றிய அத்தியாயத்தைக்கூட "நமக்குத்தாம்மா" என்றார். பேர்ணடெற் அவரை ஒரு மாதிரிப் பார்த்தாள், ஆனால் எடுத்துக் கொடுத்தாள்.

இப்படியிருக்க ஒரு நாள் பகல் வெள்ளை நஷனல் சட்டையும் நீளக் காற்சட்டையும் போட்ட பெரியவர் ஒருவர் கடைக்குள் வந்தார். பெயர் நாகேந்திரம். துறைமுகத்தில் கணக்குப் பகுதியில் கிளாக்காக இருந்து ஓய்வுபெற்றவர், வெள்ளவத்தைக்காரர். பழைய பேப்பரில் சுற்றிய ஒன்றை அவிழ்த்து, பிறந்த குழந்தையைக் கொடுப்பது போலக் கொடுத்தார்.

"பிள்ளை, இதை முழுசா ஒரு கொப்பி எடுக்கோணும். ஒரே ஒரு பிரதிதான் கிடக்கு, பாத்து."

பேர்ணடெற் அட்டையைப் பார்த்தாள். 'கணக்கீட்டில் கலக்கம் ஏன்?' தெரிந்த புத்தகந்தான். "நீங்க ஆசிரியரா ஐயா?"

நாகேந்திரத்தின் நெஞ்சு நிமிர்ந்தது. இந்தக் கேள்வியை இதுவரை யாரும் அவரிடம் கேட்டதில்லை. "ஓம் பிள்ளை. நான்தான் ஆசிரியர்."

"எந்த ஸ்கூல்?"

"ஸ்கூலோ? நான் ஹாபரில வேலை செய்தனான்."

"ஹாபரில என்ன படிப்பிச்சீங்க?"

"நான் ஏன் படிப்பிக்கிறன்? கிளாக்."

"அப்ப எடுக்கேலாது ஐயா. போர்ட் பாத்தீங்கதானே. ஆசிரியருக்கு மட்டும்."

"அதைத்தானே சொல்லுறன். இந்தப் புத்தகத்தை எழுதினதே நான்தான்!"

"எழுதினா நீங்க எழுத்தாளர். சட்டத்தில போட்டிருக்கிறது ஆசிரியர்."

பெரியவர் அட்டையிலிருந்த பெயரைத் தட்டிக் காட்டினார், அடையாள அட்டையை எடுத்துக் காட்டினார். அடையாள அட்டையில் தொழில் என்ற இடத்தில் கிளாக் என்பதற்கு அரசாங்கத் தமிழில் எழுதுவினைஞர் என்றிருந்தது. "பாருங்க, நீங்களே காட்டுறீங்க" என்றாள் பேர்ணடெற். பாவம், மனுஷன் வேர்த்துப்போய் நிற்கிறாரே என்று அவளுக்கு இரக்கமும் வந்தது. ஆறுதலாக இருக்கட்டும் என்று ஒன்றைச் சொல்லிவைத்தாள். அதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம்.

"உங்களில கோவமில்ல ஐயா. இந்தப் புத்தகம் எனக்கு மனப்பாடம். கணக்கு மாஸ்டர்மார் எல்லாரும் இதைத்தான் கொண்டாறது. எத்தினை தரம் முழுசா எடுத்துக் குடுத்திருப்பன்! எல்லாம் சட்டப்படிதான்."

நாகேந்திரம் "எத்தினை தரம்?" என்று கேட்டார். குரல் ஒரு மாதிரி இருந்தது. பதிலுக்குக்கூட நிற்காமல் புத்தகத்தை வாரி எடுத்துக்கொண்டு பஸ் தரிப்பிடத்தை நோக்கி நடந்துவிட்டார்.

"என்ன மனுஷன் இவர்?" என்று திரும்பினாள் பேர்ணடெற். இருளப்பன் மாஸ்டர் பாதி பணிசோடு வாங்கில் விறைத்துப்போய் இருந்தார்.

"அம்மா, புத்தகம் எழுதினவரையும் ஆசிரியர்னுதாம்மா சொல்றது. அந்த உரிமை... அவருக்குத்தான்."

"அப்ப மாஸ்டர்மாருக்கு?"

"ஒண்ணும் இல்லம்மா."

"இது உங்களுக்கு முந்தியே தெரியுமா?"

"தெரியும். சொல்லிப்புட்டா நான் எங்க போய் ஒக்கார்றது? வீட்டுல மக டிவியப் போட்டுட்டு என்னைய வெளிய போங்கங்குது."

பேர்ணடெற் திட்டினாள். பேக்கரிக்காரன் எட்டிப் பார்க்கிற அளவுக்குத் திட்டினாள். பிறகு வாங்கின் மறு நுனியில் குந்திக்கொண்டு அழுதாள். சட்டத்துக்குப் பயந்து பயந்து, கொழும்பிலேயே சட்டத்தை மிக ஒழுங்காக மீறிய மனுஷியாகிவிட்டாளே! அதுவும் களவு கொடுத்தவனிடமே பெருமையாகச் சொல்லி அனுப்பியிருக்கிறாள். பொலிஸ் வரும், மெஷின் போகும், கடை போகும். ரொறன்ரோவில் தம்பி பெண்சாதி கம்பளிச் சட்டை வாங்கி வைப்பாள்.

சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத் தொட்டியில் முழங்காலிட்டு எல்லாவற்றையும் கொட்டினாள். களவு செய்யாதே என்ற ஏழாம் கட்டளையை மீறிவிட்டேன் ஃபாதர், முழுப் புத்தகங்களாக மீறிவிட்டேன். வலைக்கு அந்தப் பக்கம் ஃபாதர் கதிரையில் நெளிந்தார். பாடகர் குழுவுக்கு வேண்டிய பாட்டுப் புத்தகம் முழுவதையும் அவளிடம் கொடுத்து எடுப்பித்தவர் ஃபாதர்தான். 'ஞான ஆசிரியர்' என்ற முறையில் அவருக்கு அவள் மறுப்பே சொன்னதில்லை. கடைசியில் ஃபாதர் தொண்டையைச் செருமி, மிகவும் சிறிய ஜெபம் ஒன்றை அபராதமாகச் சொல்லி அனுப்பினார்.

திங்கட்கிழமை மட்டையைக் கிழித்தாள். எந்தப் புத்தகமும் எடுப்பதில்லை என்று மாஸ்டர்மாரையும் திருப்பி அனுப்பினாள். ஜீப் சத்தம் கேட்டபோதெல்லாம் மெஷினுக்கு முன்னால் போய் நின்றாள், ஏதோ தன் உடம்பால் அதை மறைக்கலாம் என்பது போல.

ஜீப் வரவில்லை. நாகேந்திரம்தான் மறுபடி வந்தார், பஸ்ஸில். பேர்ணடெற் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"ஐயா, தெரியாமச் செய்திட்டன். பொலிசுக்கு மட்டும் போகாதீங்க."

"பொலிசோ? நான் உன்னட்டை ஒரு உதவி கேட்டு வந்திருக்கிறன் பிள்ளை." வாங்கில் இருந்துகொண்டு நெற்றியைத் துடைத்தார். "நீ என்ர புத்தகத்தைக் களவா எடுத்தனீ எண்டு ஒரு இடத்தில வந்து சொல்லோணும்."

விஷயம் இதுதான். எழுத்தாளர்களும் வெளியீட்டாளர்களும் சேர்ந்து நூலுரிமைச் சங்கம் என்று ஒன்று தொடங்கியிருந்தார்கள். போட்டோகொப்பிக் கடைகளுக்கு அனுமதி கொடுத்து, அதற்குக் கட்டணம் வாங்கி, வருகிற தொகையை எழுதினவர்களுக்குப் பிரித்துக் கொடுக்கிற சங்கம். நாகேந்திரம் உறுப்பினராகச் சேரப் போனார். அங்கத்தவர் ஆவதற்குப் புத்தகத்தின் ஒரு பிரதி வேண்டும். அதற்காகத்தான் அன்றைக்குக் கொட்டாஞ்சேனைக்கு வந்தார். வெள்ளவத்தையில் எடுத்தால் தெரிந்தவர்கள் காண்பார்கள். புத்தகம் மூன்றாம் பதிப்புக்குப் போகிறது என்று அவர்களுக்கு அவர் ஏற்கெனவே சொல்லியிருந்தார். கொப்பி கிடைக்காமல், கையிலிருந்த ஒரே பிரதியைக் கொண்டுபோய்க் காட்டியபோது சங்கத்து அதிகாரி இன்னொன்று கேட்டார். இந்தப் புத்தகத்தை இப்போது யாராவது கொப்பி எடுக்கிறார்களா? எடுக்காத புத்தகத்துக்கு இங்கே வேலையில்லை. அதற்கு ஒரு அத்தாட்சி வேண்டும்.

"மிச்சப் புத்தகமெல்லாம் கட்டிலுக்குக் கீழ அடுக்கி வைச்சிருந்தனான்" என்றார் நாகேந்திரம். "ஒரு மழைக்கு வெள்ளவத்தை வாய்க்கால் வீட்டுக்குள்ள வந்திட்டுது. அதுக்குப் பிறகு என்ர மனிசி அன்னபாக்கியம் வாற போறவைக்கெல்லாம் சொல்லிச் சிரிக்கிறது, இவற்ரை புத்தகத்தைக் கடைசியாப் புரட்டினது வாய்க்கால் தண்ணிதான் எண்டு. நானும் அப்பிடித்தான் நினைச்சனான் பிள்ளை. நீ அண்டைக்குச் சொல்லும்வரைக்கும்." கண் கலங்கிவிட்டது. "ஒருத்தன் என்னட்டைக் களவெடுத்திருக்கிறான் எண்டதைக் கேட்டு நான் அண்டைக்கு இரா முழுக்கச் சந்தோஷத்தில நித்திரை கொள்ளேல்லை."

பேர்ணடெற்றுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. போய்ச் சொன்னால் தானே தன் கழுத்தில் கயிறு போடுவது. சங்கத்துக்காரர் பொலிசுக்கு ஒரு போன் எடுத்தால் கடை முடிந்தது. சொல்லாமல் விட்டால் இந்த மனுஷன் தன்னை ஒருவரும் வாசிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டே செத்துப்போவார். எரிச்சலாக வந்தது. நல்ல களவுகாரியாக இருந்திருந்தால் மறுத்துவிடலாம், ஒழுங்கான மனுஷியாக இருந்துதான் இந்தப் பாடு.

"மாஸ்டர்!" என்று கத்தினாள். "உங்கட பேரில எடுத்த கணக்குப் புத்தகம் ஒண்டு எங்கயாவது கிடக்கா?"

இருளப்பன் மாஸ்டரிடம் ஒன்று கிடந்தது. பேரப் பிள்ளைக்கென்று வைத்திருந்தார். அதை எடுத்துக்கொண்டு, அவரையும் கூட்டிக்கொண்டு மூவருமாகப் பஸ் ஏறினார்கள். வழி முழுக்கப் பேர்ணடெற் செபமாலையை உருட்டினாள்.

சங்கத்தின் அதிகாரி ஜாபிர் என்ற வாட்டசாட்டமான மனுஷன். அவர் முன்னால் கதிரையில் இருக்காமல் நின்றபடியே பேர்ணடெற் முழுவதையும் ஒப்புவித்தாள். மட்டை எழுதியது, மாஸ்டர்மார் வந்தது, முழு முழுப் புத்தகமாக எடுத்தது, எழுதினவரையே திருப்பி அனுப்பியது, ஒன்றையும் மறைக்கவில்லை. ஜாபிர் பேனையை வைத்துவிட்டார். கண்ணாடியைக் கழற்றினார். எழும்பிப் போய்க் கதவைச் சாத்தினார். பேர்ணடெற் தம்பியின் போன் நம்பரை மனதுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள்.

"இந்தப் பிள்ளையில பிழை இல்லை" என்று நாகேந்திரம் குறுக்கே விழுந்தார். "என்ர புத்தகம். எனக்கில்லாத கோவம் உங்களுக்கு ஏன்?"

"கோவமா?" என்றார் ஜாபிர். "அக்கா, கொழும்புல எத்தின கட ஏறி எறங்கினேன் தெரியுமா? வெள்ளவத்த, மருதான, தெமட்டகொட, எல்லா எடத்துலயும் ஒரே கததான். 'நாங்க புத்தகம் எடுக்கிறதே இல்ல, ஐடி மட்டும்தான்.' சொல்லக்குள்ளயே பின்னால மெஷின்ல புத்தகம் ஓடுது! எடுக்கிறோம் எண்டு சொன்ன மொதல் ஆள் நீங்கதான். ஒக்காருங்க அக்கா, ஒக்காருங்க."

பேர்ணடெற் செபமாலையோடு கதிரையில் குந்தினாள். 

ஜாபிர் விளக்கினார். "ஒவ்வொரு எழுத்தாளரும் கட கடயாப் போய் நிக்க ஏலாதானே. ஒவ்வொரு கடக்காரரும் எழுதினவங்கட வீடு தேடிப் போகவும் ஏலா. அதுக்குத்தான் சங்கம். எல்லாருக்காகவும் சேத்து நாங்க உங்களுக்கு அனுமதி தாற. முழுப் புத்தகம் எடுக்க ஏலா. ஒரு அத்தியாயம், கொஞ்சப் பக்கம், அவ்வளவுதான். எதெத எடுத்தீங்க எண்டு எங்களுக்குச் சொல்லுற. மத்தத நாங்க பாத்துக்கொள்ளுவோம்."

"மாஸ்டர்மார் வந்தாலும் அவ்வளவுதானா?"

"மாஸ்டர்மார் வந்தாலும் அவ்வளவுதான்."

இருளப்பன் மாஸ்டர் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டார்.

அனுமதிக்குக் கையெழுத்து வைத்தாகிவிட்டது. கடை தப்பியது. மெஷின் தப்பியது. ரொறன்ரோப் பிள்ளைகளைத் தாயும் தகப்பனுமே பார்த்துக்கொள்ளட்டும். பேர்ணடெற்றுக்கு அந்த இடத்திலேயே பாட வேண்டும் போலிருந்தது. இனி நாகேந்திரத்தின் காரியம் மட்டும்தான். ஜாபிர் மாஸ்டரின் கொப்பியைப் புரட்டினார், அச்சுப் புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அதே கணக்கு, அதே விடை, அதே அச்சுப்பிழை. எல்லாம் சரி. ஆனால் முதல் தாளைத் திரும்பத் திரும்பப் பார்த்தார்.

"இதுல எழுதினவங்கட பேரே இல்லியே."

"முன்பக்கம் ஒருத்தரும் எடுக்கிறதில்ல சேர்" என்றாள் பேர்ணடெற். "கடதாசி வீண் எண்டு விட்டிருவாங்க. நேரா முதலாம் பாடத்திலயிருந்துதான்."

சொன்ன பிறகுதான் நாகேந்திரத்தின் முகத்தைப் பார்த்தாள். மனுஷன் சுருங்கிப்போய் இருந்தார். இத்தனை பேர் படித்திருக்கிறார்கள், பரீட்சையில் சித்தி எய்தியிருக்கிறார்கள், வங்கியிலும் கம்பனியிலும் போய் இருந்திருக்கிறார்கள். ஒருவருக்கும் யார் எழுதியது என்று தெரியாது. வாய்க்கால் தண்ணியாவது அட்டையோடு புரட்டியது.

ஜாபிர் அதைக் கவனிக்கவில்லை. அவருக்குப் பைலுக்கு ஒரு பிரதி வேண்டும், இருக்கிற ஒன்றையோ பெரியவர் கைவிடமாட்டார். அச்சுப் புத்தகத்தை எடுத்து வாசலில் நின்ற வயதான பியோனிடம் நீட்டினார். "அய்யே, மேக்கெ கொப்பி எகக் கஹகென என்ன" என்றார் சிங்களத்தில். இதை ஒரு கொப்பி அடித்துக்கொண்டு வாங்க என்று அர்த்தம். பியோன் புத்தகத்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு படியிறங்கப் போனார்.

"பொட்டக் இன்ன, அய்யே!" பேர்ணடெற் எழும்பியே விட்டாள். கொஞ்சம் பொறுங்க என்று கையைக் குறுக்கே நீட்டி மறித்தவள் ஜாபிரின் பக்கம் திரும்பினாள். "என்ன சேர் இது? முதல்ல அவரைக் கேக்க வேணாமா?"

ஜாபிருக்கு அப்போதுதான் உறைத்தது. பிறகு முகம் சிவந்து, கதிரையிலிருந்து எழும்பி, நாகேந்திரத்துக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"ஐயா, உங்கட புத்தகத்த ஒரு கொப்பி எடுக்கலாமா?"

 பியோன் புத்தகத்தோடு காத்துக்கொண்டு நின்றார். நாகேந்திரம் எழும்பினார்.  நஷனலின் மேல் பொத்தானைப் பூட்டிக்கொண்டார்.

"எடுங்கோ" என்றார். "முன்பக்கத்தையும் சேத்து எடுக்கச் சொல்லுங்கோ தம்பி. அதிலதான் பேர் கிடக்கு."